அமத்தித் திருப்பு

அத்தியாயம் 6

"ரீச்சர், என்னைச் சோத்திலை வைச்சுக் கொல்லுறாங்கள்!"

தொலைபேசியில் அலறிய அந்தக் குரலுக்கு விக்ரோரியா ரீச்சர் கேட்ட முதற் கேள்வி:

"ஆர் சமையல்?"

"தேவராசா."

"அவன்ரை சமையலுக்கு நஞ்சு வேறை தேவையோ? வையும் போனை. வாறன்."

இப்படித்தான் பிள்ளைகளே, 1988 கார்த்திகை மாதத்து ஞாயிறு ஒன்றில், பூசைக்குக் கட்டிய சேலையைக்கூட மாற்றாமல், ரீச்சர் யோசேப்பின் லாடாக் காரில் ஏறி உட்கார்ந்தார். கையில் வழக்கமான கறுப்புக் குடை. முகத்தில் வழக்கமான இளப்பம்.

ரீச்சர் யாழ்ப்பாணத்தில் கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் கால் நூற்றாண்டாகப் பெட்டைகளின் பொய்யைக் கேட்டுக் காது பழுத்தவர். சண்டை துரத்தி டென்மார்க்குக்கு வந்த பிறகும் அந்தக் காதுக்கு ஓய்வில்லை. பொலிசுக்குப் போகப் பயந்த நம்முடைய சனம், தொலைந்த சங்கிலியையும் துலங்காத சந்தேகத்தையும் அவரிடம்தான் கொண்டுவந்து கொட்டியது. அவருடைய கணக்கில் மனிதர் இரண்டே வகை: பொய் சொல்லத் தெரிந்த முட்டாள், பொய் சொல்லத் தெரியாத முட்டாள். நாவாந்துறை யோசேப் இரண்டாம் வகை. அவன் ஆலையில் துணி மடிப்பவன்; ஓய்வு நேரத்தில் ரீச்சருக்குச் சாரதி, எடுபிடி, வாய்க்கு வாய்.

"ஆரை ரீச்சர் கொல்லுறாங்களாம்?"

"குருசுமுத்துவை. அந்தப் பேசாலைக்காரன். நெஞ்சு அடிக்குதாம், வேர்க்குதாம், கை நடுங்குதாம். நாளைக்குக் காலமை பொலிசுக்குப் போகப்போறானாம்."

"போகட்டுமே. தேவராசாவின்ரை சாம்பாரை ஒருக்கால் குடிக்கக் குடுத்தால் பொலிஸ் உடனை கைது செய்யும்."

ரீச்சர் சிரிக்கவில்லை. மூக்குத் துடைக்கக் கடதாசி தேடி, காரின் முன்பெட்டியில் கை வைத்தார்.

"அது திறக்காது ரீச்சர்!" யோசேப் அவசரமாகச் சொன்னான். "குளிருக்கு இறுகிப்போச்சு. ரஷ்யன் செய்த பெட்டி. மொஸ்கோவிலை அனுமதி கேட்டுத்தான் திறக்கோணும்."

ரீச்சர் கையை எடுத்தார். அவனை ஒரு பார்வை பார்த்தார். பிறகு யூலாந்தின் சாம்பல் நிற வயல்களைப் பார்க்கத் தொடங்கினார்.

இக்காஸ்ட் ரயில் பாதையை ஒட்டிய செங்கல் கட்டடம் ஒன்றின் மேல்மாடியில் அந்த வீடு. நாலு ஆண்கள். நாலு பேருடைய மனைவிமாரும் இலங்கையில். அவர்களைக் கூப்பிடச் சொல்லி நாலு பேரும் விண்ணப்பம் போட்டு வருடம் ஒன்றுக்கு மேலாகிறது. கோபன்ஹேகன் கந்தோரிலிருந்து ஒரு முடிவும் இல்லை. எழுதிக் கேட்டால் 'பரிசீலனையில் உள்ளது' என்ற ஒற்றைப் பதில்.

ரீச்சர் படிகளை ஏறி முடித்துக் குடையை உதறியபோது, யோசேப் இன்னும் நடு வளைவில் கைபிடியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றான். நெஞ்சுக்குள் யாரோ பழைய ஆர்மோனியத்தை இழுத்து மூடுவதுபோல ஒரு கீச்சொலி.

"சிகரெட்டை விடு எண்டு எத்தினை தரம் சொல்லுறது?"

"சிகரெட் இல்லை ரீச்சர். படி. டெனிஷ்காரன் தன்ரை காலுக்கு அளந்து கட்டியிருக்கிறான்."

கதவைத் திறந்தவன் தேவராசா. சமையற்காரன். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "ரீச்சர், நான் வெங்காயத்தைத் தவிர ஒருத்தரையும் வெட்டினதில்லை!" என்று தொடங்கினான்.

"தள்ளும். அழுகையைப் பேந்து கேக்கிறன்."

கூடத்தில் மட்டக்களப்பு அழகரத்தினம் எழுந்து நின்றான். "இது நஞ்சு இல்ல ரீச்சர், சூனியம். நான் மந்திரிச்ச நூல் ஒண்டு கட்டிவிட்டிருக்கன். மறுகா அந்தோனியார் படமும் தலமாட்டில வச்சிருக்கன்."

"நல்லது. ரெண்டு பக்கத்தாலயும் பாதுகாப்பு," என்றான் யோசேப்.

சாய்கதிரையில் ஒருவர் எழும்பாமல் இருந்தார். அந்தோனிமுத்து. ஊரில் அரசாங்கக் கச்சேரியில் இலிகிதர். இங்கே எல்லாருக்கும் ஆலோசகர். பெரிய மீசை. மடியில் விரித்த டெனிஷ் பத்திரிகை. ஒரு சொல் வாசிக்கத் தெரியாது. ஆனால் படத்தைப் பார்த்தே அரசாங்கத்தின் உள்நோக்கத்தைச் சொல்லிவிடுவார். பூசை முடிந்து கோப்பி குடிக்கும் இடத்தில் அவரைச் சுற்றி எப்போதும் ஒரு கூட்டம் நிற்கும். யோசேப்பும் நின்றிருக்கிறான்.

"வெறும் குளிர் காய்ச்சல், ரீச்சர்," என்றார் அந்தோனிமுத்து. "இதுக்கு ஏன் உங்களை வீணாய் அலைச்சான் இந்தத் தம்பி?"

"எனக்கும் அதுதான் தெரியோணும்," என்றார் ரீச்சர்.

குருசுமுத்துவும் அந்தோனிமுத்துவும் ஒரே அறை. குருசுமுத்து போர்வைக்குள் கிடந்தான். வெளியே பனி விழப் பார்க்கிறது. இவனுக்கு நெற்றியில் வேர்வை முத்து. எழுந்து சட்டைப் பொத்தான் பூட்டப் பார்த்தான். விரல்கள் பொத்தானைச் சுற்றி நாட்டியம் ஆடின. ரீச்சர் யோசேப்பை மட்டும் உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினார்.

"சொல்லும். எப்ப தொடங்கினது?"

"போன கிழமை ரீச்சர். இருந்தாப்போலை நெஞ்சு பறை அடிக்கும். தலை வெடிக்கும். சாப்பிட்ட உடனைதான் கூட. தேவராசாதான். என்ரை சோத்துக் கோப்பையிலை மட்டும் என்னவோ கலக்கிறான்."

"ஏன் கலக்கிறான்?"

குருசுமுத்து யோசித்தான். "என்ரை குறட்டை அவனுக்குப் பிடியாது."

"குறட்டைக்காகக் கொலை செய்யிறதெண்டால் என்ரை மனுசி தங்கராணி ஊரிலையே என்னை எப்பவோ முடிச்சிருப்பாள்," என்றான் யோசேப்.

"நீ வாயை மூடு. குருசுமுத்து, உமக்குப் பிரஷர் எண்டு போன வருஷம் டொக்டர் சொன்னவரெல்லே? நான்தானே மொழிபெயர்த்தனான். குளிசை எடுக்கிறீரோ?"

அந்த ஒரு கணத்தில் குருசுமுத்துவின் கண் சாத்திய கதவுப் பக்கம் ஓடிப்போய்த் திரும்பி வந்தது. கால் நூற்றாண்டாகப் பெட்டைகளின் கண்ணைப் பார்த்தவருக்கு அது போதும்.

"ஓம் ரீச்சர். ஒழுங்காய். பாருங்கோ, போத்தல் குறைஞ்சிருக்கு." ஜன்னல் விளிம்பிலிருந்து குளிசைப் போத்தலை எடுத்து ஆட்டிக் காட்டினான். கழுத்துவரை இருந்திருக்க வேண்டிய குளிசைகள் இடுப்பில் கிடந்தன.

"இந்தப் போத்தல் புதுசோ?"

"ஓம். அப்போதேக் மருந்துக்கடையிலை இந்த முறை வாங்கினது. பழசு முடிஞ்சுது."

"இண்டைக்கு எடுத்தாச்சோ?"

"இல்லை, இனித்தான்..."

"அப்ப இப்ப எடும். நான் பாக்கிறன்."

குருசுமுத்து மூடியைத் திருப்பினான். டக், டக், டக். மூடி சுற்றியது, கழரவில்லை. மறுபக்கம் திருப்பினான். இழுத்தான். நகத்தால் நெம்பினான். டக், டக்.

"கை நடுங்குது ரீச்சர்."

"பாவம்," என்றார் ரீச்சர். அவர் 'பாவம்' என்று சொன்னால் யாருக்கோ கெட்ட காலம் என்பது யோசேப்புக்குத் தெரியும். போத்தலை வாங்கித் தன் கைப்பைக்குள் போட்டார். "சாப்பிட்டிட்டுப் பாப்பம். எனக்குப் பசிக்குது."

"நஞ்சையோ ரீச்சர்?" என்றான் யோசேப்.

"ஓம். உனக்கும் சேர்த்துத்தான்."

குருசுமுத்துவையும் எழுப்பிக் கூட்டிவந்து கதிரையில் இருத்தினார்கள். மேசையில் சோறு, பருப்பு, குழம்பு. டெனிஷ் மீன்கடையில் உப்பிட்டுக் காயவைத்த கொட் மீன் விற்பார்கள்; கருவாட்டுக்கு ஏங்கிய நம்முடைய ஆட்கள் அதைக் கண்டுபிடித்த நாளிலிருந்து மீன்கடைக்காரனுக்குச் சனிக்கிழமையென்றால் பெருநாள். அந்த மீனைத்தான் தேவராசா குழம்பு வைத்திருந்தான். அழகரத்தினம் முள்ளைக்கூட விடவில்லை. யோசேப் இரண்டாம் முறை போட்டுக்கொண்டான். அந்தோனிமுத்துவின் கோப்பையில் மட்டும் வெறும் சோறு. அதற்கு மேல் தனியாக ஒரு சிறு கிண்ணத்திலிருந்து ஊற்றிய பருப்பு. குழம்புச் சட்டியை வண்டு விழுந்ததுபோல விலக்கி வைத்தார்.

"என்ன அண்ணை, குழம்பு வேண்டாமோ?" ரீச்சர் கேட்டார்.

"ஒறுத்தல், ரீச்சர். மனுசி வரோணுமெண்டு ஒரு நேர்த்தி. உப்பு, உறைப்பு, கருவாடு ஒண்டும் தொடுறதில்லை."

"கண்டியோ யோசேப், பக்தியை," என்றார் ரீச்சர்.

பக்தியைக் கேட்டதும் அந்தோனிமுத்துவுக்கு நாக்கு நீண்டது. கோபன்ஹேகனில் என்ன நடக்கிறது என்று விளக்கத் தொடங்கினார். "அவன்ரை கணக்கு வேறை, ரீச்சர். இவன் எங்கடை நாட்டுக்குச் சுமையோ, லாபமோ எண்டு பாக்கிறான். போன மாசம் பேப்பரிலை போட்ட படத்தைப் பாத்தீங்களோ? மந்திரியின்ரை முகத்திலையே தெரியுது..."

ரீச்சர் போத்தலை எடுத்தார். "யோசேப், இதைத் திற. என்ரை விரல் நோகுது."

யோசேப் திருப்பினான். டக், டக். "இது லாடாவின்ரை தம்பி போலை கிடக்கு." தேவராசாவிடம் நீட்டினான். தேவராசா திருப்பிப் பார்த்து, கத்தி எடுக்கப் போனான். "கத்தியை வையும், ஏற்கெனவே உம்மிலை வழக்கு இருக்கு," என்றார் ரீச்சர். அழகரத்தினம் வாங்கிப் பல்லால் கடித்தான். பல்தான் நொந்தது. அடுத்த கை அந்தோனிமுத்துவுடையது.

"...சுமையெண்டு கண்டால் அவன் ஆளைக் கூப்பிடான், ரீச்சர். இதை நான் எல்லாருக்கும்..." வாய் நிற்கவில்லை. கண் ரீச்சரின் முகத்தில். இடது கையில் போத்தல். வலது உள்ளங்கை மூடியின் மேல் ஒரு அமத்து, ஒரு திருப்பு. திறந்துவிட்டது. அப்படியே ரீச்சரிடம் நீட்டினார். "...சொல்லிக்கொண்டுதான் வாறன்."

யோசேப்பின் நெஞ்சு ஆர்மோனியம் கீச்சென்றது.

"நல்ல கை," என்றார் ரீச்சர். "போத்தலைப் பாக்கவே இல்லை."

அந்தோனிமுத்துவின் மீசை அப்போதுதான் விஷயத்தை உணர்ந்ததுபோல ஒரு பக்கம் தொங்கியது. "இதென்ன பெரிய வித்தை? மூடியிலை எழுதிக் கிடக்கு. வாசிச்சன்."

"வாசிச்சீரோ? சின்னப்பிள்ளையள் திறக்கக் கூடாதெண்டு செய்த மூடி இது. எப்பிடித் திறக்கிறதெண்டு டெனிஷிலை எழுதித்தான் கிடக்கு." ரீச்சர் மூடியை அவர் முன்னால் வைத்தார். "எங்கை, இன்னொருக்கால் வாசியும். சத்தமாய்."

அந்தோனிமுத்து மூடியைப் பார்த்தார். மூடி அவரைப் பார்த்தது. படம் எதுவும் இல்லாததால் அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"வாசிக்கத் தெரியாத ஆள், பாக்காமலே திறக்கிறீர். அப்ப அது கண் படிச்சதில்லை, கை பழகினது. ஒரு நாள் பழக்கம் இல்லை. இனி குருசுமுத்துவிட்டை வருவம். ஒழுங்காய்க் குளிசை எடுக்கிற ஆளுக்குத் தன்ரை போத்தலைத் திறக்கத் தெரியேல்லை. நடுங்கிற கைக்கு அமத்த ஏலாமல் போகலாம். ஆனால் நீர் அமத்திப் பாக்கவே இல்லையே, ஐசே! நீர் இந்தப் போத்தலை ஒரு நாளும் திறக்கேல்லை. ஆனால் போத்தல் குறையுது."

குருசுமுத்து துள்ளி எழுந்தான். "ரீச்சர், அண்ணையிலை பிழை சொல்லாதேங்கோ! அவர் எனக்காகத்தான் திறக்கிறவர். ஒவ்வொரு நாளும் ஒண்டை எடுத்துக் கக்கூசுக்குள்ளை போட்டுத் தண்ணியை இழுத்துவிடுறவர்!"

யோசேப் கரண்டியைக் கீழே வைத்தான். "கக்கூசுக்குப் பிரஷரோ?"

அழகரத்தினத்துக்குச் சிரிப்புப் புரையேறியது. குருசுமுத்து சொன்ன பாதியை விழுங்க முடியாமல் மீதியையும் துப்பினான். நோயாளிக்கு மனைவியைத் தரமாட்டான் டெனிஷ்காரன் என்று அண்ணைதான் சொன்னவராம். குளிசை எடுக்கும்வரை நோயாளி, விட்டுவிட்டால் சுகதேகி. ஆனால் சொல்லாமல் விட்டால் டொக்டர் சந்தேகப்படுவார். ஆகவே போத்தல் குறைய வேண்டும். குறைக்கும் வேலையை அண்ணையே பொறுப்பெடுத்தாராம். எவ்வளவு பெரிய மனது.

"ஒரு நல்ல குளிசையைக் கக்கூசுக்குள்ளை போட மனம் வராமல் தானே விழுங்கின மனது," என்றார் ரீச்சர். "மற்ற நாளுகளிலை ஒறுத்தல் இருக்கலாம் அண்ணை. ஞாயிற்றுக்கிழமை உயிர்த்த ஆண்டவரின்ரை நாள். எந்தத் திருச்சபையிலை ஞாயிறு ஒறுத்தல் இருக்கினம்? உப்புத் தொடாமல் இருக்கச் சொன்னது சாமியார் இல்லை; டொக்டர். ஊரிலையோ?"

அந்தோனிமுத்து பருப்புக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார். "யாழ்ப்பாணத்திலை," என்றார். குரல் மெலிந்திருந்தது, கச்சேரி மிடுக்கு இறங்கிப் போய்விட்டது. "பிரஷர். இஞ்சை ஒருத்தருக்கும் சொல்லேல்லை. டொக்டரிட்டைப் போனால் என்ரை பேர் பதியப்படும். கொண்டுவந்தது முடிஞ்சுது... தம்பியின்ரை பேர் ஏற்கெனவே பதிஞ்ச பேர்தானே எண்டு..."

"அவன்ரை பேரிலை நீர் பிழைக்க, உம்மடை கதையிலை அவன் சாக," என்றார் ரீச்சர். "புழு பூச்சியெண்டு உம்மைத் திட்டலாம். ஆனால் புழு ஒரு நாளும் ஆலோசனை சொல்லுறதில்லை."

தேவராசா சட்டியைத் தட்டென்று வைத்தான். "அப்ப என்ரை சமையலிலை நஞ்சில்லை!"

"இல்லை. ருசியும் இல்லை. எழும்பும் குருசுமுத்து, கோட்டைப் போடும். ஹேர்னிங் ஆஸ்பத்திரிக்குப் போறம்."

இங்கேதான் பிள்ளைகளே, எல்லாம் முடிந்தது என்று நினைத்த இடத்தில் வில்லங்கம் தொடங்கியது. குருசுமுத்து எழும்பவில்லை. கதிரையின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான்.

"மாட்டன்."

"என்ன மாட்டீர்?"

"வரமாட்டன் ரீச்சர். அண்ணை என்னை ஏமாத்தினது சரி. ஆனால் சொன்னது பொய்யோ? ஆஸ்பத்திரியிலை பதிஞ்சால் கோபன்ஹேகனுக்குத் தெரியவரும். எமிலியாவும் பிள்ளையும் மடுவிலை அகதி முகாமிலை கிடக்கினம். நான் செத்தாலும் பறவாயில்லை. அவை வரோணும்."

"செத்த ஆளிட்டை மனுசியைக் கூப்பிட்டுக் குடுக்கிற சட்டம் எந்த நாட்டிலை இருக்கு, மடையா?"

அவன் அசையவில்லை. முகம் வெளுத்து, உதடு நீலம் பாரித்திருந்தது. கழுத்து நரம்பு துடிப்பது மேசைக்கு இந்தப் பக்கம் தெரிந்தது. தூக்கிக்கொண்டு போகலாம் என்று யோசேப் நினைத்தான். ஆனால் படிக்கட்டு ஞாபகம் வந்தது. ரீச்சர் குடையை மேசைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்தார். குரலில் இளப்பம் போகவில்லை. அதன் கூர் மட்டும் வேறு பக்கம் திரும்பியது.

"தேவராசா, உம்மடை மனுசியை ஏன் இன்னும் கூப்பிடேல்லை?"

தேவராசா திடுக்கிட்டான். "நான்... கலியாணத் திகதியை மாறிச் சொல்லிப்போட்டன் ரீச்சர். முதல் விசாரணையிலை. அதுதான் பிடிச்சிட்டாங்கள்."

"அழகரத்தினம், நீர்?"

"ரிக்கெட் இல்லாம ரயில்ல போய்ப் பிடிபட்ட நான். குற்றம் கட்டின ஆளுக்குத் தருவானா?"

"அண்ணைக்குப் பிரஷர். அதுதான் காரணம். அப்பிடித்தானே?" அந்தோனிமுத்து தலையைக் குனிந்தார். "யோசேப், வைலேயிலை பந்தடிக்கிறானே லோஜன், உன்ரை சிநேகிதன். அவனுக்கு என்ன நோய்?"

"நோயோ! காளைமாடு ரீச்சர். முதலாளியே நல்ல பிள்ளையெண்டு கடிதம் குடுத்தவர். டெனிஷ் கதைச்சால் டெனிஷ்காரனே வெக்கப்படுவான்."

"மனுசியைக் கூப்பிட்டாச்சோ?"

"இல்லை."

"என்ன பதில் வந்தது?"

"பரிசீலனையில் உள்ளது."

"கேட்டீரோ குருசுமுத்து? ஒருத்தன் திகதி பிழை. ஒருத்தன் ரிக்கெட் இல்லை. ஒருத்தனுக்குப் பிரஷர். ஒருத்தனிலை ஒரு குறையும் இல்லை. பதில் மட்டும் ஒண்டு. நீர் ஏன் தேவராசாவைச் சந்தேகப்பட்டீர்? மற்றவைக்கு ஒண்டும் இல்லை, உமக்கு மட்டும் வருத்தம் எண்டபடியால். அது துப்பு. இது அதுக்கு மறுபக்கம். வேறை வேறை சோறு திண்ட எல்லாருக்கும் ஒரே வயித்துக்குத்து எண்டால் நஞ்சு சோத்திலை இல்லை, கிணத்திலை. உங்களிலை ஒருத்தரின்ரை உடம்பும் அவங்கள் பாக்கேல்லை, ஐசே. பேரைக்கூடப் பாக்கேல்லை. கோபன்ஹேகனிலை ஆரோ பெரிய மனுசன் தமிழர் எண்டு கண்ட எல்லாத்தையும் ஒண்டாய்க் கட்டி வைச்சிட்டு அதுக்கு மேலை குந்தியிருக்கிறான். நீங்கள் இஞ்சை ஒவ்வொருத்தரும் உங்களுக்குள்ளையே குற்றவாளியைத் தேடி, மருந்தை விட்டு, உப்பை விட்டு, நூல் கட்டிக்கொண்டு இருக்கிறியள். குந்தியிருக்கிறவனுக்கு இதைவிட நல்ல சனம் எங்கை கிடைக்கும்?"

அந்தக் குந்தல் பின்னாளில் வெளிப்பட்டு டென்மார்க் அரசாங்கமே கவிழ்ந்தது ஊரறிந்த கதை. அன்றைக்கு அது ஊகம் மட்டுமே. ஒரு ரீச்சரின் ஊகம், ஆறிப்போன மீன் குழம்பின் முன்னால்.

குருசுமுத்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். "அப்ப என்னாலை இல்லையோ ரீச்சர்? எமிலியா வராமல் கிடக்கிறது... என்ரை வருத்தத்தாலை இல்லையோ?"

"இல்லை."

அவன் கதிரையை விட்ட விதத்தைப் பார்த்தபோது, நஞ்சைவிடப் பெரிய ஒன்றை அவன் இத்தனை நாளும் விழுங்கிக்கொண்டிருந்தது யோசேப்புக்குத் தெரிந்தது. வாயில் வந்த பகிடியை முதன்முறையாக உள்ளேயே வைத்துக்கொண்டான். தேவராசாதான் ஓடிப்போய்க் கோட்டைக் கொண்டுவந்து, நடுங்கும் கைகளுக்குப் பதிலாகப் பொத்தான்களைப் பூட்டிவிட்டான்.

"நீரும் வெளிக்கிடும்," என்றார் ரீச்சர், அந்தோனிமுத்துவைப் பார்த்து.

"நானோ? நான் ஏன்..."

"கக்கூசுக்கும் வைத்தியம் பாக்கோணும்."

ஆஸ்பத்திரியில் இளம் டொக்டர் ஒருத்தி குருசுமுத்துவின் கையில் பட்டியைச் சுற்றி ஊதினாள், இலக்கத்தைப் பார்த்தாள், உடனே கட்டில் கொண்டுவரச் சொன்னாள். அவள் சொன்னதை ரீச்சர் தமிழில் சொன்னார்: "இந்தக் குளிசை நெஞ்சுக்குப் போட்ட கடிவாளம் மாதிரியாம். விடுறதெண்டால் டொக்டரிட்டைக் கேட்டு, கொஞ்சம் கொஞ்சமாய்த்தான் தளர்த்தோணுமாம். இருந்தாப்போலை அறுத்துவிட்டால் குதிரை முன்னையைவிடப் பிச்சுக்கொண்டு ஓடுமாம். இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தால் நெஞ்சு நிண்டிருக்குமாம். இரவைக்கு இஞ்சை வைச்சுப் பாக்கப்போயினம். இன்னொண்டும் கேட்டனான். நோயாளியின்ரை வருத்தத்தை அவனைக் கேக்காமல் ஒரு கந்தோருக்கும் சொல்லக் கூடாதாம், சட்டம். அப்பிடி ஆர் சொன்னதெண்டு சிரிக்கிறாள்."

சொன்னவர் பதிவு மேசைக்கு முன்னால் நின்றார். வெள்ளைச் சட்டைப் பெண் பேனையை எடுத்துப் பெயரைக் கேட்டாள். அந்தோனிமுத்து ரீச்சரைத் திரும்பிப் பார்த்தார்.

"என்னைப் பாக்காதேயும். மற்ற எல்லாத்துக்கும் நான் மொழிபெயர்ப்பன். உம்மடை பேரை நீரே சொல்லும்."

மீசைக்குக் கீழே உதடு இரண்டு முறை அசைந்தது. மூன்றாம் முறைதான் பெயர் வெளியே வந்தது; களவெடுத்த பிள்ளை சட்டைப்பையைக் காலி செய்வதுபோல, எழுத்தெழுத்தாக. அந்தப் பெண் அதைப் பிழையாக எழுதினாள். அவர் திருத்தவும் இல்லை.

வெளியே வந்தபோது காற்று ஈரத்துணியால் அடிப்பதுபோல அடித்தது. லாடா கொஞ்சத் தூரத்தில் நின்றது. அந்தக் கொஞ்சத் தூரத்துக்குள் யோசேப் இரண்டு இடத்தில் நின்று, இரண்டு தரமும் காலணிக் கயிறு கட்டினான். காருக்குள் ஏறியதும் ஆர்மோனியம் முழுக் கச்சேரி வைத்தது.

"எப்பிடி ரீச்சர் அந்த அந்தோனிமுத்து!" மூச்சுக்கு நடுவே சொன்னான். "இந்த விசர்க்கதையை நம்பவும்... ஒரு சனம்... இருக்குதே..."

ரீச்சர் குடையை மடியில் கிடத்தினார். "முன்பெட்டியைத் திற."

"சொன்னனானெல்லே ரீச்சர். இறுகி..."

"தங்கராணியின்ரை விண்ணப்பம் போட்டு எத்தினை காலம்?"

யோசேப் கண்ணாடிக்கு வெளியே பார்த்தான். பகிடி ஒன்றைத் தேடினான். எல்லாம் தீர்ந்திருந்தது.

"உனக்கு மூச்சிழுக்கிற தொய்வு எண்டு எனக்குத் தெரியாதெண்டு நினைச்சியோ? வைகாசி வரைக்கும் மேசைக்கு மேசை மருந்துப் பம்பை வைச்சிட்டுத் தேடித் திரிஞ்ச ஆள். இப்ப மூண்டு படி ஏறினால் பூனைக்குட்டி கத்துது. பம்பைக் காணேல்லை. பெட்டி மட்டும் திறக்காது. கோப்பிக் கூட்டத்திலை நீயும் நிண்டு கேட்டனி."

"சிரிச்சுக்கொண்டுதான் கேட்டன் ரீச்சர்," என்றான் மெதுவாக. "எல்லாரையும்விடக் கூடச் சிரிச்சன். வீட்டை போய்... அதுக்குள்ளை வைச்சுப் பூட்டினன்."

"பொய் சொல்லத் தெரியாத முட்டாள்," என்றார் ரீச்சர். அது திட்டா, வேறேதுமா என்று அவனுக்குப் பிடிபடவில்லை. "திற."

"எப்பிடித் திறக்கிறதெண்டு மறந்துபோச்சு."

"அமத்தித் திருப்பு."

அமத்தினான். திருப்பினான். மொஸ்கோவின் அனுமதி இல்லாமலே பெட்டி வாயைத் திறந்தது. கடதாசிக் கட்டுக்குப் பின்னாலிருந்து நீலநிறப் பம் உருண்டு வந்து அவன் கையில் விழுந்தது. வாயில் வைத்து இழுத்தான். நெஞ்சுக்குள் ஆர்மோனியக்காரன் கொஞ்சம் கொஞ்சமாகக் கையை எடுத்தான்.

"நாளைக்கு டொக்டரிட்டைப் போறாய்."

"போறன் ரீச்சர்." அவன் சாவியைத் திருப்பினான். லாடா இருமியது, விக்கியது, கீச்சென்று இழுத்தது, நின்றது.

யோசேப் பம்மைப் பார்த்தான். பிறகு காரைப் பார்த்தான்.

"இதுக்கும் ஒருக்கால் அடிச்சுவிடட்டோ ரீச்சர்?"

விக்ரோரியா ரீச்சர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.